மூன்று நாள் மழை, வருஷம் முழுக்கத் தேவை: தூத்துக்குடிச் சீமையில் தண்ணீர் சேமிக்க முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்யும் மழை சராசரியாக 650 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் கொட்டியது 95 சென்டிமீட்டர். ஒன்றரை வருஷ மழை ஒரு பகல், ஒரு இரவில்! ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர்–சென்னை ரயில் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். கோரம்பள்ளம் குளத்துக் கரை உடைந்தது. இப்படியும் பெய்கிற மாவட்டத்தில்தான் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரிகள் பல வருஷங்களில் ஒரே ஒரு தண்ணீர் இல்லாமல் உளுந்தைக் காயவிட்டு நிற்கிறார்கள். மழை வருவதில்லை என்பதைவிட, வந்த மழை நிற்பதில்லை என்பதே இங்கே பெரிய குறை.

சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு, தண்ணீரைச் சேர்த்து வைக்க என்ன செய்யலாம் என்று முதல்முறையாக யோசிக்கிறவருக்காக இது எழுதப்படுகிறது. அணை கட்டும் ஆலோசனை எதுவும் இதில் இல்லை.

படி 1: உங்கள் நிலத்துக்கு எந்தத் தண்ணீர் வருகிறது?

மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரம் தாமிரபரணிப் பாசனம்: நெல், வாழை, வெற்றிலை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் மானாவாரி: உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரியும் கடலோரமும்: பனை, தென்னை, முருங்கை. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. கரிசலில் நன்றாக வேலை செய்யும் குட்டையைத் தேரியில் வெட்டினால் காலையில் நிரம்பியது மாலைக்குள் மணலுக்குள் போய்விடும்.

ஆற்றுப் பாசனக்காரர் தன் வாய்க்காலின் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் வரை தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு. மேலே 143 அடி பாபநாசம் அணையில் சுமார் ஐந்தரை டி.எம்.சி. தேங்கும். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, பிறகுதான் ஆற்றுக்கு வருகிறது. 1944 முதல் இதுதான் ஏற்பாடு. மின்சாரம் எடுத்ததால் தண்ணீர் ஒரு சொட்டும் குறைவதில்லை. உயரம் மட்டும்தான் செலவாகிறது. இந்த உயரத்தின் அருமையை வெள்ளைக்கார வியாபாரிகள் முன்பே கண்டுகொண்டார்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையில் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை ஓட்டினார்கள். 

சுழலியைத் தாண்டிய தண்ணீர், கோடைமேலழகியான் தொடங்கி எட்டு அணைக்கட்டுகள் வழியாகப் பாய்கிறது. கடைசி இரண்டு, மருதூரும் ஸ்ரீவைகுண்டமும், தூத்துக்குடி மாவட்டத்துக்குப் படியளப்பவை. மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால். இந்த நான்கு கால்களும் சேர்ந்து 53 குளங்களை நிரப்புகின்றன; பாசனப் பரப்பு சுமார் 46 ஆயிரம் ஏக்கர். வடகாலின் கடைமடையில் இருப்பது கோரம்பள்ளம்.

கடைமடையில் இருப்பவருக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாளுக்கு 2 கோடி கேலன் கொண்டுபோகும் திட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அனல் மின் நிலையம் எந்திரத்தைக் குளிரவைக்கக் கடல்நீரைப் பயன்படுத்திக்கொள்ளும்; ஆனால் கொதிகலனில் ஆவியாக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும். உழவுக்கு முன்னுரிமை என்பது காகிதத்தில் இருக்கிறது. வாய்க்காலில் அது எப்படி நடக்கிறது என்பதைக் கார் சாகுபடி நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள். ஆலைகள் கடல்நீரைக் குடிநீராக்கிக்கொண்டால் நியாயம் என்பது என் கட்சி. அப்போதும் மிஞ்சும் உப்புக்கரைசலை மன்னார் வளைகுடாவில் எங்கே, எப்படி விடுவது என்ற கேள்வி வரும். முத்துச் சிப்பி விளைந்த பார்கள் இருந்த கடல் அது.

படி 2: மழையை லிட்டரில் எண்ணுங்கள்

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். வருஷம் 650 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது 26 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். இதில் பெரும்பகுதியை மண் குடித்துவிடும், குடிக்கவும் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு ஐந்தேகால் லட்சம் லிட்டர். உங்கள் நிலத்தில் சேமிக்கக் கிடைப்பது இவ்வளவுதான். சரிவு, மண், மழையின் வேகம் பொறுத்து இது ஏறும், இறங்கும்.

செலவையும் அதே அளவையில் எண்ணுங்கள். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் ஆகும்.

படி 3: குட்டை வெட்டும் முன் ஊர்க் குளத்தைச் சுற்றி நடங்கள்

புதிதாக வருகிற எல்லாரும் முதலில் பொக்லைனைத்தான் தேடுகிறார்கள். ஊரில் ஏற்கனவே ஒரு குளமோ கண்மாயோ இருந்தால், அதைச் சரி செய்வதில் லிட்டருக்கு ஆகும் செலவு புதிதாகத் தோண்டுவதைவிடக் குறைவு. ஆகவே ஒரு காலை நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். நீர்ப்பாய்ச்சியையோ, குளத்தில் பாத்தியதை உள்ள வயதான சம்சாரி ஒருவரையோ கூட்டிக்கொள்ளுங்கள். "அண்ணாச்சி, இந்த மறுகால் கடைசியா எப்பம் பாஞ்சிச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தால் போதும். காது கொடுக்கிற ஆள் கிடைத்துவிட்டால் குளத்தின் கதை முழுக்க வரும்.

வரத்துக்காலில் ஆரம்பியுங்கள். தண்ணீர் குளத்துக்கு வரும் வழி அது. அமலைச்செடி அடைத்திருக்கிறதா, சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறதா, நடுவே யாராவது வீட்டு மனை போட்டு மண் கொட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கண்மாய் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வரத்துக்கால் அடைபட்டால் அது வெறும் பள்ளம்.

அடுத்தது கரை. மேலே நடப்பதோடு நிறுத்தாமல், குளத்துக்கு வெளிப்புறமாகக் கரையின் அடிவாரத்தில் இறங்கி நடங்கள். எங்காவது ஈரம் கசிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை; மண் கரைகள் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கலங்கலாக இருந்தால் கரையின் உள்மண்ணைத் தண்ணீர் அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். எலி வளை, நண்டு வளை, வெட்டிய மரத்தின் அழுகிய வேர் எதுவும் இதற்கு வழி செய்யும். ஊசிமுனைத் துளை சில மணி நேரத்தில் உடைப்பாகிவிடும். அன்றைக்கே நீர்வளத் துறைக்குச் சொல்ல வேண்டிய சேதி அது.

மடையில் நின்று பலகை ஏறி இறங்குகிறதா என்று திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த திருகு நிறைய ஊர்களில் ஒரு மடையையே செத்த மடையாக்கி வைத்திருக்கிறது.

கடைசியாக மறுகால். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகும் வழி. 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. கோரம்பள்ளம் குளத்துக்கு 24 கண் மதகு இருந்தும் கரை தாங்கவில்லை. அந்த அளவு வெள்ளத்தை எந்தக் குளமும் ஏந்தாது என்பது உண்மை. ஆனால் மறுகாலின் மட்டத்தை மண்மூட்டை வைத்து உயர்த்தி, நாலு அங்குலம் கூடத் தண்ணீர் தேக்கப் பார்க்கும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. சாதாரண வருஷத்தில் அது லாபம்போலத் தெரியும். பெருமழை வருஷத்தில் ஊரையே கொண்டுபோகும். தண்ணீர் வருகிற வழியைத் திறக்கும் முன் போகிற வழியைத் திறந்து வைக்க வேண்டும். குளத்துக்கும் உங்கள் குட்டைக்கும் இது பொது.

இந்த வேலைகளைத் தனியாளாகச் செய்ய முடியாது, கூடாது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்து, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் குளத்துக்குச் சங்கம் இருக்கிறதா, கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று விசாரியுங்கள். சங்கம் பேருக்குத்தான் இருக்கிறது என்றால், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கூட்டச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை.

படி 4: கரம்பை எடுங்கள்

பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிறு ஊர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கடலைத் தள்ளி வைத்தது. அதே வண்டல் 1870களில் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டையும் மேடாக்கியது. எட்டடி தேங்க வேண்டிய இடத்தில் மணலும் செடியும் தேங்கின. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்த பிறகே தூர்வாரும் வேலை ஆரம்பமானது.

இந்த வண்டலைத்தான் கரம்பை என்கிறோம்: குளத்தில் இருந்தால் குப்பை, வயலில் இருந்தால் உரம். கோடையில் வற்றிய குளத்தின் கரம்பையை வண்டியில் அள்ளி மானாவாரி நிலத்தில் பரப்புவது நம் தாத்தாக்கள் காலத்து வழக்கம். இப்போது உழவுக்கு வண்டல் எடுக்கத் தாசில்தார் அளவிலேயே இலவசமாக அனுமதி தருகிறார்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை உட்கார்ந்துவிடும். அடிக்களிமண் தட்டியதும் நிறுத்துங்கள். குளத்தின் அடியில் தண்ணீர் இறங்காமல் தாங்குவது அந்தக் களிமண்தான். அதையும் உடைத்து எடுத்துவிட்டால் குளம் சல்லடை.

படி 5: இப்போது உங்கள் பண்ணைக்குட்டை

இடம்: நிலத்தின் மிகத் தாழ்ந்த மூலை. எது தாழ்ந்தது என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள்; ஒரு நல்ல மழையின்போது குடையோடு போய் ஓட்டத்தைப் பாருங்கள். மின்கம்பி, கிணறு, வீடு இவற்றை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.

மண்: தேர்ந்த இடத்தில் இரண்டடிக் குழி தோண்டி, சாயங்காலம் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். மண் ஊற ஒரு தடவை ஊற்றி, அது இறங்கிய பிறகு மறுபடி நிரப்புவது சரியான சோதனை. காலையில் பெரும்பகுதி இருந்தால் அப்படியே வெட்டலாம். கரிசலில் பெரும்பாலும் இருக்கும். காணாமல் போனால் 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு இல்லாமல் வெட்டாதீர்கள். தேரியில் இந்தச் சோதனைகூட வேண்டாம், விரிப்பு கட்டாயம்.

அளவு: மேற்பரப்பு 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்பது பலர் எடுக்கும் அளவு. கரிசல் வெடித்துச் சரியும் மண் ஆகையால் பக்கங்களை ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவில் விடுங்கள். அப்போது கொள்ளளவு சுமார் 14.6 லட்சம் லிட்டர். நிலத்தில் 22 சென்ட் போகும். படி 2இன் கணக்குப்படி ஏறக்குறைய 3 ஏக்கரின் ஓட்டம் இதை நிரப்பும். இருக்கும் மூன்று ஏக்கரில் 22 சென்ட்டை விடுவதா என்று வீட்டில் சண்டை வரும், நியாயமான சண்டைதான். பூப்பிடிக்கிற நேரத்தில் ஒரு தண்ணீர் கிடைக்காமல் மூன்று ஏக்கரும் பொய்த்த வருஷங்களை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

உள்ளே தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு வண்டல் பள்ளம் தனியாக வெட்டுங்கள். சேறு அங்கேயே தங்கும், வருஷா வருஷம் அள்ளுவது எளிது. எதிர்மூலையில் கல் பதித்த வழிவாய். நாலு பக்கமும் வேலி, உள்ளே தொங்கும்படி ஒரு முடிச்சுக் கயிறு. குட்டையில் விழுந்த பிள்ளையோ ஆடோ வழுக்கும் பிளாஸ்டிக்கில் தானாக ஏற முடியாது.

படி 6: வெயில் எடுத்துக்கொள்ளும் பங்கு

நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வெயிலுக்கு அது மிகையான கணக்கு இல்லை. 900 சதுர மீட்டர்க் குட்டையில் தினம் 4,500 லிட்டர் ஆகாயத்துக்குப் போகும். மட்டம் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்கும் என்றாலும், நூறு நாளில் நாலு லட்சம் லிட்டர் போனதாக வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு ஏக்கருக்கு இரண்டு தண்ணீர்.

இதனால்தான் அகலத்தைவிட ஆழம் முக்கியம். அதே 30-க்கு 30 குட்டையை 3 மீட்டர் ஆழமாக்கினால் கொள்ளளவு 19.7 லட்சம் லிட்டராகிறது. வெயில் எடுப்பது கூடுவதில்லை. மேற்குக் கரையில் பனை, வேம்பு என்று வரிசையாக வையுங்கள். ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றுதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது. பனங்கொட்டைக்குச் செலவும் இல்லை. விரிப்புப் போட்ட குட்டையின் கரையில் மட்டும் மரத்தைச் சில மீட்டர் தள்ளி நடுங்கள்.

பெரிய அளவில் இதே கணக்கைத் தூத்துக்குடியிலேயே பார்க்கலாம். ஸ்பிக் உரத் தொழிற்சாலையின் நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கும் சூரிய மின் நிலையம் ஒன்று 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. திறன் 22 மெகாவாட். சுமார் 62 ஏக்கர் நீர்ப்பரப்பு. 62 ஏக்கர் திறந்து கிடந்தால், நம் 5 மில்லிமீட்டர்க் கணக்குப்படி நாளுக்கு 12 லட்சம் லிட்டருக்கு மேல் ஆவியாகும். பலகைகள் அதில் பாதியைத் தடுத்தாலும் பெரிய மிச்சம். தண்ணீருக்கு மேலே இருப்பதால் பலகையின் சூடும் தணிகிறது, சூடு தணிந்தால் மின்சாரம் சற்றுக் கூடுகிறது. நல்ல நிலத்தை அடைக்கவும் வேண்டியதில்லை. குளங்களிலும் இப்படிச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆலையின் தேக்கம் வருஷம் முழுக்க நிறைந்திருக்கும். நம் குளம் பங்குனியில் மைதானம். மீன்பாசி ஏலம், வரும் பறவைகள் எல்லாம் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

படி 7: தூக்குவதற்கு எத்தனை யூனிட்?

தமிழ்நாட்டில் உழவுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. 2 லட்சம் லிட்டரை 60 மீட்டர் ஆழமுள்ள போரிலிருந்து தூக்க, மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு 40 திறனில் ஓடினால், 80 யூனிட்டுக்கு மேல் ஆகும். அதே தண்ணீரைக் குட்டையிலிருந்து 5 மீட்டர் தூக்க 7 யூனிட் போதும்.  தண்ணீரை மேலேயே பிடித்து வைத்தால் பன்னிரண்டில் பதினொரு பங்கு மின்சாரம் மிச்சம்.

ஆகவே குட்டைக்கு 5 எச்.பி. சூரிய பம்பு வாங்கச் சொல்லி யாராவது வந்தால் ஒதுக்குங்கள். 2 அல்லது 3 எச்.பி. தாராளம். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பாதிக்கு மேல் மானியம் தருகின்றன. சூரிய பம்பில் ஒரு ஆபத்தும் உண்டு: ஓட்டினால் காசு இல்லை என்பதால் போர்க்காரர்கள் பகல் முழுக்க ஓட்டி, நிலத்தடி நீரை இன்னும் கீழே தள்ளிவிடுவார்கள். சொட்டுநீர்க் குழாயோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு முக்கால் பங்கும் கிடைக்கிறது. காற்றுக்கும் இந்த மண் புதிதில்லை. நாட்டின் ஆரம்பகாலக் காற்றாலைகள் 1986இல் முள்ளக்காட்டில் சுழன்றவைதான். ஆனால் ஒற்றைப் பண்ணைக்கு இன்று சூரியன்தான் தோது.

படி 8: கடலோரமா? தோண்டும் முன் உப்பை அளந்து பாருங்கள்

கடற்கரை ஓரத்தில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் தலைகீழாகப் படியுங்கள்: நீங்கள் ஓர் அடி இறக்கினால் அடியில் உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். உடனே நடக்காது, ஆனால் ஏறிவிட்டால் இறங்கப் பல வருஷம் ஆகும். அதனால் இங்கே ஆழமான போர் வேண்டவே வேண்டாம். அகலமான ஆழமற்ற கிணறு, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பு. மழையில் கூரைத் தண்ணீரையும் வயல் ஓட்டத்தையும் அந்தக் கிணற்றின் பக்கமே உறிஞ்சவிடுங்கள்.

தண்ணீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் மின்கடத்துத் திறனைச் சொல்வார்கள். அது மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் (dS/m) இருந்தால் எதையும் பயிரிடலாம். 3-ஐத் தாண்டினால் வாழையை மறந்துவிட்டுத் தென்னை, பனை பக்கம் போங்கள்.

தேரிக்காட்டுக்காரருக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. தாமிரபரணி வெள்ளநீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு வழியாக எம்.எல். தேரி வரை கொண்டுவரும் சுமார் 75 கிலோமீட்டர்க் கால்வாய் 2025 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. வெள்ளம் வரும் நாட்களில் மட்டும் ஓடும் கால்வாய் அது. உங்கள் ஊர்க் குளத்துக்கு அதிலிருந்து இணைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: எதை எப்போது

மாசி, பங்குனியில் குளம் வற்றத் தொடங்கும்போது கரம்பை அனுமதிக்கு மனுக் கொடுங்கள். சித்திரையில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குச் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் எடுத்துப் போய்ப் பண்ணைக்குட்டைக்கும் சூரிய பம்புக்கும் பதிவு செய்யுங்கள். உழவன் செயலியிலும் பதியலாம். ஆனால் நேரில் போனால் எந்தத் திட்டத்தில் இந்த வருஷம் பணம் மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியும். துறையின் பொக்லைன் வாடகை தனியாரைவிடக் குறைவு, வரிசைதான் நீளம். ஆவணிக்குள் குழி வெட்டி முடித்துவிட வேண்டும். புரட்டாசி விதைப்புக்கு ஈரமான கரிசலில் எந்திரம் இறங்கினால் அது வெளியே வர இன்னொரு எந்திரம் தேவைப்படும்.